மாயாவிக்குக் கரண்ட், சூப்பர்மேனுக்குச் சூரியன்: நாயகனின் சக்தி யார் கையில்?

ஜூன் 6

ஒரு வாசகர் கேட்டிருப்பது: “சூப்பர்மேன் ஒரு கதையில் கிரகத்தையே சங்கிலி போட்டு இழுக்கிறான். இன்னொரு கதையில் ஒரு கட்டடம் சரிந்து விழுந்தாலே மூச்சு வாங்குகிறான். எழுதுகிற ஆள் மாறும்போதெல்லாம் சக்தியும் கூடிக் குறைந்தால் அப்புறம் அது என்ன நாயகன்? படைத்தவர் கொடுத்த சக்தியோடு விட்டுவிட வேண்டும். அடுத்து வருகிறவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.”

ஜூன் 6, இரவு

நான் மறுக்கிறேன்.

படைத்தவர் கொடுத்த சக்தி என்று எதைச் சொல்கிறார்? ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய முதல் கதை 1938இல் வந்தபோது சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவுவான். ஒரு தாவலுக்கு எட்டில் ஒரு பங்கு மைல். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். எக்ஸ்பிரஸ் ரயிலை ஓட்டத்தில் முந்துவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. அதாவது பீரங்கிக் குண்டு துளைக்கும் என்று படைத்தவர்களே ஒரு வழியை விட்டுத்தான் வைத்திருந்தார்கள். இதெல்லாம் எப்படி முடியும் என்பதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் எறும்பும் வெட்டுக்கிளியும்தான். எறும்பு தன் எடையைப்போல் பல நூறு மடங்கு சுமக்கிறதே, வெட்டுக்கிளி அத்தனை தூரம் தாவுகிறதே என்று. சூரியனைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. மஞ்சள் சூரியனிடமிருந்து சக்தி வருகிறது என்பது 1960 வாக்கில்தான் சேர்ந்தது.

பறப்பதைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1940இல் தொடங்கிய வானொலி நாடகமும், 1941இல் ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோ எடுத்த அனிமேஷன் படங்களும். தத்தித் தத்திப் போவது திரையில் எடுபடவில்லை என்று பறக்க வைத்தார்கள். அவன் சக்தியை முடக்கும் கிரிப்டோனைட் கல்லும் 1943இல் வானொலி நாடகத்தில் வந்ததுதான். காமிக்ஸ் பக்கத்துக்கு அது வந்து சேர 1949 ஆயிற்று. பறக்கிற, கிரிப்டோனைட்டுக்குப் பயப்படுகிற சூப்பர்மேனைப் பிடிக்கும் என்று சொல்கிற ஒவ்வொருவரும், பின்னால் வந்து கை வைத்தவர்களின் வேலையைத்தான் பிடிக்கும் என்கிறார்கள்.

ஜூன் 7

எட்டில் ஒரு பங்கு மைல் என்றால் சரியாக ஒரு ஃபர்லாங். எங்கள் நீடாமங்கலம் பக்கம் பெரியவர்கள் இன்னமும் ஃபர்லாங் கணக்கில் வழி சொல்வார்கள். ஒரு ஃபர்லாங் தாவுகிறவன் எனக்கு மனதில் நிற்கிறான். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவுவான் என்று என்னால் பார்க்க முடிகிறது. கிரகத்தை இழுப்பவனை என்னால் எங்கேயும் நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 9

சூப்பர்மேனை விட்டு நம் ஆளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு முதல் நாயகன் சூப்பர்மேன் இல்லை. இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவனை வைத்துத்தான். ஆங்கிலத்தில் அவன் ‘ஸ்டீல் க்ளா’. பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் ஆரம்பித்த தொடர். அறிவியல் கதைகள் எழுதிக்கொண்டிருந்த கென் புல்மர் தொடங்கிவைத்தார். அவருக்குப் பிறகு டாம் டல்லி எடுத்துக்கொண்டார். படம் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

தெரியாதவர்களுக்காக: லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளன். வலது கை போய், இரும்புக் கை பொருத்தியவன். ஆய்வுக்கூடத்தில் கருவி வெடித்து உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுகிறான். உடுப்பும் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் சக்தி தீரும், உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி ஷாக் வேண்டும்.

நான் இவனைப் படித்தது வரிசையாக இல்லை. மன்னார்குடியில் பழைய புத்தகம் விற்பவரிடம் எது கிடைத்ததோ அது. அட்டை கிழிந்தது, கடைசி நாலு பக்கம் இல்லாதது, நடுவில் யாரோ கணக்குப் போட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு புத்தகத்தில் பாதியை முடித்துவிடலாம், கேட் அப்படி. ஒரு புத்தகத்தில் மாயாவி கொள்ளைக்காரன். அடுத்ததில் நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜெண்ட். ஒன்றில் அவனுக்குக் கை ஒன்றுதான் ஆயுதம். இன்னொன்றில் விரல் துப்பாக்கியாகச் சுடுகிறது, விரலுக்குள் வயர்லெஸ் இருக்கிறது. எந்தப் புத்தகம் முன்னால், எது பின்னால் என்று தெரியாது. எழுதியவர் பெயரும் பக்கத்தில் இருக்காது, பிரிட்டிஷ் பத்திரிகைகளே அந்தக் காலத்தில் பெயர் போடவில்லை. அதனால் சக்தி மாறுவதற்குக் காரணம் எழுத்தாளர் மாறியது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாயாவிக்கு இப்போது நேரம் சரியில்லை, அதனால் விரலில் குண்டு இல்லை என்று நாங்களே கதை கட்டிக்கொண்டோம். சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கையில் சுற்றிக்கொண்டு, “குண்டு உண்டு”, “இல்லை, இது பழைய மாயாவி, உனக்குக் குண்டு கிடையாது” என்று தெருவில் சண்டை போட்டிருக்கிறோம்.

ஜூன் 9, பிற்பகல்

“பெயரே போடாத கதையில் யார் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று ஒருவர் கேட்கிறார்.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. குறுவைக்கும் சம்பாவுக்கும் போர்வெல் மோட்டார்கள் எரிந்து வந்துகொண்டே இருக்கும். எரிந்த காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகளைப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் கருகி, பக்கத்துச் சுற்று புதுச் செம்பு மாதிரி பளிச்சென்று இருந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் லோ வோல்டேஜ், இல்லை லோடு அதிகம். எங்கே எரிந்தது என்பதே யார் செய்த வேலை என்று சொல்லிவிடும். கதையிலும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நாயகன் என்னென்ன செய்கிறான் என்பதைப் பார்க்க மாட்டேன். அவன் சக்தி எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்ப்பேன். ஷாக் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு தவிக்கிறான் என்றால் ஒரு கை. ஷாக் பற்றிய கவலையே இல்லாமல் விரலை நீட்டிச் சுட்டுவிட்டுப் போகிறான் என்றால் வேறு கை, அல்லது அதே கை வேறு வேலையாக வந்திருக்கிறது.

ஜூன் 10

யாரும் வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு பிளக்கில் கை வைக்க வேண்டாம். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டலாம். ஆளுக்கு முடியாது. பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 12

மேட்டூர் திறக்கும் தேதி. கடையில் நிற்க இடமில்லை. இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

ஜூன் 15

மாயாவியின் ஒரு இடத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். பிளாஸ்கோ அந்த மறையும் காட்சியைப் போடும் விதம். கை ஒரு மின்கம்பியை நோக்கி நீள்கிறது. விரல் கணு ஒவ்வொன்றிலும் கறுப்பு மை அடர்த்தியாக நிற்கும், அதன் மேல் ஒரு வெள்ளைக் கீற்று, அதுதான் இரும்பின் பளபளப்பு. தொட்டதும் பொறி. அடுத்த கட்டத்தில் தோளும் முகமும் வெறும் கோடாகக் கலைகின்றன. அதற்கடுத்த கட்டத்தில் ஆள் இல்லை. மணிக்கட்டோடு வெட்டினாற்போல் கை மட்டும் அந்தரத்தில்.

இதில் எனக்குப் பிடித்தது, அவன் முழுதாக மறைய முடியாது என்பது. ஒளிந்துகொள்கிற சக்தியைக் கொடுத்துவிட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு கையையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பாதிக் கதை. இருட்டில் வைக்க வேண்டும், மேசைக்கு அடியில் வைக்க வேண்டும், மூட்டைக்குப் பின்னால் வைக்க வேண்டும். டல்லி வந்து அதே கைக்குள் துப்பாக்கியும் வயர்லெஸ்ஸும் வைத்ததும் கை அவனுக்குத் தொல்லையாக இல்லாமல் வசதியாகிவிட்டது. கதைகள் விறுவிறுப்பாகத்தான் இருக்கின்றன, நானும் விழுந்து விழுந்து படித்தேன். ஆனால் பயம் குறைந்துவிட்டது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். எவ்வளவு தூக்குவான், எவ்வளவு வேகம் போவான் என்பதை யார் மாற்றினாலும் பெரிய நஷ்டமில்லை. எப்போது முடியாது, எதற்குப் பிறகு முடியாது, என்ன கொடுத்தால் முடியும் என்ற நிபந்தனை இருக்கிறதே, அதை மாற்றும்போதுதான் ஆளே வேறாகிறான். முதலில் கேள்வி கேட்டவர் கோபப்பட வேண்டிய இடம் அது.

ஜூன் 16

மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: “தேரழுந்தூர்க்காரரை விட்டுவிட்டீர்களே.” கம்பரைச் சொல்கிறார். நன்றாகக் கேட்டார். காலையிலிருந்து அதே நினைப்பு.

வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கூந்தலை ஒரு கையால், தொடையை ஒரு கையால். கம்பர் அதை ஏற்கவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் தலை சிதறும் என்ற பிரமனின் சாபம் இராவணனுக்கு உண்டு. வால்மீகியில் இந்தச் சாபம் யுத்த காண்டத்தில்தான் பேச்சில் வருகிறது. கம்பர் அதைச் சீதையைக் கவரும் இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். இப்போது இராவணன் என்ன செய்வான்? தொட முடியாது. விட்டுப் போகவும் மாட்டான். பன்னசாலையை அது நின்ற நிலத்தோடு பெயர்த்துத் தூக்கித் தேரில் வைக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். கம்பர் இராவணனுக்கு ஒரு தடை போட்டார். தடை போட்டதால் அவன் சிறுத்துப்போகவில்லை, முன்னைவிடப் பெரியவனாகிவிட்டான். ஒரு பெண்ணைத் தூக்குகிறவன் பூமியையே தோண்டி எடுக்கிறவனானான். சீதையின் மானமும் காப்பாற்றப்பட்டது. ஆயிரம் வருஷத்துக்குப் பக்கத்தில் ஆன வேலை. அடுத்து வருகிறவர் கை வைக்கக் கூடாது என்றால் நமக்குக் கம்பராமாயணமே கிடையாது.

ஜூன் 16, இரவு

அனுமனையும் சேருங்கள். தன் பலம் தனக்கே மறந்துபோகும், ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் நினைவு வரும். கடற்கரையில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது சாம்பவான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அனுமன் முதல் நாளே தாண்டிப் போய் வந்திருப்பான்.

இரணியன் வரத்தைச் சொல்லவே வேண்டாம், அது முழுக்க நிபந்தனைதான். பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தனியாகச் சேர்த்தார். தஞ்சாவூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மெலட்டூரில் பாகவத மேளாவில் இன்றும் பிரகலாத சரித்திரம் ஆடுகிறார்கள். நரசிம்மர் முகமூடி வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். எல்லோருக்கும் முடிவு தெரியும். அத்தனை நிபந்தனைக்கும் நடுவில் புகுந்து வரும் அந்த ஒரு இடுக்கைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 21

“புராணத்தைக் கொண்டுவந்து காமிக்ஸோடு சேர்க்காதீர்கள்” என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் மனம் நோக வேண்டாம், சாமியை நாயகனாகக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரே கதையைப் பல பேர் சொல்லும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு. சரி, சூப்பர்மேனுக்கே திரும்புகிறேன்.

அவன் சக்தியைக் குறைக்க இரண்டு பெரிய முயற்சி நடந்தது. ஒன்று 1971இல், டென்னி ஓ’நீல் எழுதியது. அதற்கு முந்தைய காலத்தில் மோர்ட் வைசிங்கர் ஆசிரியராக இருந்தபோது சூப்பர்மேனால் முடியாதது எதுவும் இல்லை என்ற நிலை. ஓ’நீல் வந்ததும் பூமியிலிருந்த கிரிப்டோனைட் எல்லாம் வெறும் இரும்பாகிவிட்டது என்று எழுதினார். அதோடு சூப்பர்மேனின் சக்தியில் ஒரு பகுதியையும் கழித்தார். எழுத்து அருமையாக இருந்தது. ஆனால் அவர் போனதும் அடுத்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சக்தி பழையபடி ஏறிவிட்டது.

இரண்டாவது 1986இல் ஜான் பைர்ன் செய்தது. அவர் கதையையே முதலிலிருந்து தொடங்கினார். சூரிய ஒளியை உடம்பு சேமிக்கிறது, சேமிக்கச் சேமிக்கத்தான் சக்தி வருகிறது, சிறுவயதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. விண்வெளிக்குப் போனாலும் மூச்சு தீர்ந்தால் திரும்ப வேண்டும். இது நெடுநாள் நின்றது.

ஏன் ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை? என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஓ’நீல் அளவைக் குறைத்தார், ஆனால் இருந்த முக்கியமான நிபந்தனையான கிரிப்டோனைட்டையும் எடுத்துவிட்டார். அளவு என்பது வெறும் எண். அடுத்து எழுத வருகிறவருக்கு நேற்று எவ்வளவு தூக்கினான் என்று ஞாபகம் இருக்காது, கதைக்கு வேண்டிய அளவு தூக்க வைத்துவிடுவார். பைர்ன் நிபந்தனைகளைச் சேர்த்தார். சேமிப்பு, மூச்சு, மெதுவாக வளர்வது. இவை ஒவ்வொன்றும் ஒரு கதைக்கு விதை. அடுத்தவருக்கும் அது உதவுகிறது, அதனால் விட்டுவைக்கிறார்.

ஜூன் 21, சேர்ப்பு

1997இல் சூப்பர்மேன் முழுக்க மின்சாரமாக, நீல நிறத்தில், புது உடையோடு வந்தான். பழைய சக்தி எதுவும் கிடையாது. என் தொழிலுக்கு நெருக்கமான சக்தி, நான் ஆவலாகப் போய்த் தேடிப் பிடித்துப் படித்தேன். ஒட்டவில்லை. ஒரு வருஷம் ஓடியதும் பழைய ஆளையே கொண்டுவந்துவிட்டார்கள். அதில் சக்தியும் மாறியது, நிபந்தனையும் மாறியது, உடையும் மாறியது. பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

ஜூன் 24

ஸ்பைடர்மேன் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதுதான் இதற்குச் சரியான சாட்சி. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் உருவாக்கியபோது வலை அவன் உடம்பிலிருந்து வரவில்லை. பையனே வீட்டில் செய்து மணிக்கட்டில் கட்டிக்கொண்ட கருவி. திரவம் தீர்ந்துபோகும், அதுவும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது. 2002இல் வந்த திரைப்படத்தில் வலை உடம்பிலிருந்தே வந்தது. காமிக்ஸிலும் 2004 வாக்கில் அப்படியே மாற்றினார்கள். சில வருஷம் கழித்துக் கருவிக்கே திரும்பினார்கள். தீராத வலையை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? காசில்லாத பையன், தன் மூளையால் செய்த பொருள், அது தீர்ந்துவிட்டது, இப்போது வெறும் கையோடு நிற்கிறான். இந்த மூன்றும் ஒரே குப்பிக்குள் இருந்தன.

ஜூன் 25

பச்சை விளக்கு வீரன் கிரீன் லேண்டர்னைப் பற்றி இங்கே ஒரு தம்பி போட்டது எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டது. 1940இல் வந்த முதல் வீரனுக்குச் சக்தி தரும் மோதிரம் மரத்திடம் பலிக்காது. 1959இல் ஜான் புரூமும் கில் கேனும் அதே பெயரில் புது வீரனைக் கொண்டுவந்தபோது மரம் போய் மஞ்சள் நிறம் வந்தது. தம்பி சொல்வது: “பொங்கலன்று மஞ்சள் கொத்து கட்டிய பானை இருக்கிற வீட்டுக்குள் இவன் வாசலைக்கூடத் தாண்ட மாட்டான். முதல் ஆளோ எங்கள் ஊர் மூங்கில் தட்டியிடமே தோற்றுவிடுவான்.”

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மரமும் மஞ்சளும் ஏன் மனதில் ஒட்டவில்லை என்று யோசித்தேன். அந்த நிபந்தனைக்கும் அந்த ஆளுக்கும் உறவே இல்லை. மரத்துக்கு அவன் என்ன பாவம் செய்தான்? 2004க்குப் பிறகு ஜெஃப் ஜான்ஸ் வந்து மஞ்சள் என்பது பயத்தின் நிறம், பயத்தை வென்றவனுக்குத்தான் மோதிரம் கட்டுப்படும் என்று எழுதினார். அன்றைக்குத்தான் அது நிபந்தனையாயிற்று. அதுவரைக்கும் அது வெறும் விதி.

ஜூலை 2

ஒரு மூத்த வாசகர் நல்ல மறுப்பு ஒன்று வைத்திருக்கிறார். “ஒரே கை கடைசிவரை எழுதினால் சக்தி மாறாது. வேதாளரைப் பாருங்கள், மாண்ட்ரேக்கைப் பாருங்கள். இரண்டையும் லீ ஃபாக் சாகும்வரை எழுதினார்.”

வேதாளர், அதாவது ஆங்கிலத்தில் ‘ஃபாண்டம்’, அவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். 1936இலிருந்து 1999 வரை ஃபாக் எழுதிய வேதாளருக்குச் சக்தி என்று ஒன்றுமே இல்லை. அப்பாவுக்குப் பிறகு மகன் என்று தலைமுறை தலைமுறையாக முகமூடி மாட்டிக்கொள்கிறார்கள், காட்டில் எல்லோரும் சாகாதவன் என்று நம்புகிறார்கள். சக்தி முழுக்க மற்றவர்கள் நம்பிக்கையில் இருக்கிறது. உடம்பில் இல்லாததை யாரால் மாற்ற முடியும்?

மாண்ட்ரேக் அப்படியில்லை. 1934இல் தொடங்கியபோது அவன் நிஜமாகவே மந்திரம் தெரிந்தவன். அப்புறம் அதே ஃபாக் அதை மனோவசியமாக மாற்றிவிட்டார், கையை ஒரு அசைப்பு அசைத்தால் எதிரிக்குத் துப்பாக்கி வாழைப்பழமாகத் தெரியும், உண்மையில் அது துப்பாக்கிதான். ஒரே ஆள், ஒரே நாயகன், ஆனால் சக்தி வேறு. எனவே கை மாறுவது மட்டும் காரணமில்லை. எழுதுகிறவருக்கே தன் நாயகனால் எல்லாம் முடிகிறது என்று சலிப்பு வந்தால் அவரே குறைப்பார். குறைத்தது நல்லதுதான். மனோவசியம் என்று வந்ததும் அதற்கு மயங்காத எதிரி, இயந்திரம், கண் தெரியாதவன் என்று எத்தனை வழி திறந்துவிட்டது பாருங்கள்.

ஜூலை 5

ஸ்பைடர்மேன் பேச்சு வந்தபோதே இதை எழுத நினைத்தேன். நம் ஸ்பைடர் வேறு, கூர்மண்டை ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தி. லயன் காமிக்ஸ் 1984இல் சிவகாசியில் ஆரம்பித்த பிறகு நம் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தவன். காது கூர்மை, புருவம் வளைவு, கறுப்பு உடை, முதுகில் பறக்கும் கருவி, வலைத் துப்பாக்கி. மூலம் பிரிட்டனில், 1965இல். படம் ரெஜ் பன். முதல் இரண்டு கதை டெட் கோவன் எழுதினார். அவற்றில் ஸ்பைடர் கொள்ளைக்காரன், உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக வேண்டும் என்ற ஆசை, அதற்காக ஆள் சேர்க்கிறான். சாதாரண போலீஸ், சாதாரண போட்டியாளர்.

மூன்றாவதிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல்.

ஆமாம், அதே சீகல். சூப்பர்மேனைப் படைத்தவர். 1938இல் சூப்பர்மேன் உரிமை முழுவதையும் அவரும் ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வழக்கு, வேலை போனது, மறுபடி 1950களின் இறுதியில் வைசிங்கரிடமே போய்க் கூலிக்குச் சூப்பர்மேன் கதை எழுதியது, மறுபடி உரிமைப் பிரச்சினை, மறுபடி வெளியே. அதற்குப் பிறகுதான் பிரிட்டன் பத்திரிகைக்கு ஸ்பைடர் கதை.

சீகல் கையில் ஸ்பைடருக்கு வசதிகள் பெருகின, எதிரிகள் அதைவிடப் பெருகினார்கள். நகரத்தையே விழுங்குகிற ஆட்கள். ஸ்பைடரும் குற்றவாளிகளை ஒடுக்குபவனாக மாறினான். தன் நாயகனை அடுத்தவர்கள் ஊதிப் பெருக்குவதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த மனிதர், இன்னொருவர் படைத்த ஒருவனைத் தானே ஊதிப் பெருக்கினார்.

சின்ன வயதில் இதெல்லாம் தெரியாது. தெரிந்த பிறகு அந்தக் கதைகளைத் திரும்பப் படித்தேன். ஸ்பைடருக்கு ஒன்று மட்டும் சீகல் விட்டுவைத்ததாக எனக்குப் படுகிறது: அவன் தற்பெருமை. தன்னைவிடப் பெரியவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அவனால் பொறுக்க முடியாது. நல்லவனாக மாறிய பிறகும் அந்தப் பொறுக்காமைதான் அவனை மாட்டிவிடுகிறது, அதுதான் வெளியேயும் கொண்டுவருகிறது. கோவன் கொடுத்த நிபந்தனை அது. கருவிகளை மாற்றினார், எதிரிகளை மாற்றினார், பக்கத்தையே மாற்றினார், அதை மட்டும் தொடவில்லை. அதனால்தான் கொள்ளைக்கார ஸ்பைடரும் நீதிக்காவலன் ஸ்பைடரும் எனக்கு ஒரே ஆளாகவே தெரிந்தார்கள்.

ஜூலை 6

“சீகலைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு ரொம்பக் கோபம் தெரிகிறது” என்று எழுதியிருக்கிறார்கள். தெரியட்டும். 130 டாலர்.

ஜூலை 13

கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர்: “மாயாவிக்கு நடுவில் உடை மாட்டினார்களே, அதைச் சொல்லவில்லையே.” 1960களின் பின்பாதியில் அமெரிக்க நாயகர்களின் மோகம் பிரிட்டனில் பரவிய சமயம், டல்லியின் கதைகளில் கொஞ்ச காலம் மாயாவிக்கும் நாயகர் உடை வந்தது. பிறகு கழற்றிவிட்டார்கள். மறைகிற ஆளுக்கு உடை எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள். நான் எழுத்தாளர், எழுத்தாளர் என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், ஆனால் இந்த மாதிரி மாற்றம் எழுத்தாளர் கையில் மட்டும் இல்லை. பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்று பார்க்கிற ஆள் ஒருவர் எப்போதும் மேலே இருக்கிறார்.

ஜூலை 20

“இன்று மாயாவியை உங்கள் கையில் கொடுத்தால் என்ன சக்தி கொடுப்பீர்கள்?”

புதிதாக ஒன்றும் கொடுக்க மாட்டேன். விரல் துப்பாக்கியை எடுத்துவிடுவேன், வயர்லெஸ்ஸை எடுத்துவிடுவேன். 2018 நவம்பர் 16 காலையில் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்துவேன்.

கஜா புயல் அடித்து ஓய்ந்த அந்தக் காலையில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தென்னை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. கம்பங்கள் வேரோடு, டிரான்ஸ்ஃபார்மர் வயலில். சில ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வெளியூரிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். ராத்திரி எங்கே பார்த்தாலும் இருட்டு. இருக்கிற கரண்ட் எல்லாம் வாடகை ஜெனரேட்டரில்தான். அதைச் சுற்றிப் போனுக்குச் சார்ஜ் போட ஒரு கூட்டம். அதிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், குடத்தோடு இன்னொரு கூட்டம் அதற்கு.

அங்கே மாயாவி மறைய முடியாத ஆள். இரும்புக் கை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கையால் ஓடு அள்ளலாம், மரம் புரட்டலாம், அறுந்து கிடக்கிற கம்பியைப் பயமில்லாமல் ஒதுக்கலாம், அதில் கரண்ட் இல்லையே. நிவாரணப் பொருள் ஏற்றி வந்த லாரியை யாரோ வழியில் திருப்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்தொடர்ந்து போக அவன் மறைந்தாக வேண்டும். ஊரில் ஒரே ஒரு ஜெனரேட்டர். சின்னது, ஏற்கெனவே லோடு தாங்காமல் திணறிக்கொண்டிருக்கிறது. அதில் அவன் கை வைத்து ஷாக் வாங்கினால் ஆள் மறைவான், ஆனால் ஜெனரேட்டர் காயில் எரிந்துபோகும். தொட்டிக்கு அன்று தண்ணீர் ஏறாது.

கை வைப்பானா, மாட்டானா? அங்கிருந்துதான் நான் எழுதத் தொடங்குவேன்.